ஆவுடையின் வருஷம்

"அவ நடக்க மாட்டேங்கா அம்மா" என்றார் குற்றாலிங்கம்.

தவமணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"யாரு?"

"என் வீட்டுக்காரி. ஆவுடை."

"முடியலையா, மாட்டேங்காங்களா?"

குற்றாலிங்கம் யோசித்தார்.

"மாட்டேங்கா."

மலையடிவாரத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது மடம். பழைய சாமியார் காலமான பிறகு தவமணிதான் அதைப் பார்த்துக்கொண்டார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. யாராவது குரு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனாலும் மனதில் ஏதாவது சிக்கிக்கொண்டால் ஊர்க்காரர்கள் ஓடையைத் தாண்டி அவரிடம்தான் வந்தார்கள். பல பேருக்கு அவர் பதிலே சொன்னதில்லை. வந்தவர்கள் அவரோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துவிட்டுத் திரும்பினார்கள்.

குற்றாலிங்கத்துக்குத் தவமணியின் அப்பா வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஓடப் பழகிய பிள்ளைகள் மாவட்ட அளவில் கோப்பை வாங்கியிருக்கிறார்கள். தரையில் உட்கார்ந்தாலும் முதுகு வளையாது.

"விவரமாச் சொல்லுங்க வாத்தியாரய்யா."

சொன்னார்.

ஆவுடைக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு முழுதாகப் போய், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. விடாமல் பயிற்சி கொடுத்தால் நடப்பாள் என்றார் டாக்டர். பயிற்சி என்ற சொல்லைக் கேட்டதும் குற்றாலிங்கத்துக்கு உயிர் வந்தது. அது அவருக்குத் தெரிந்த வேலை.

போன ஜனவரி ஒன்றாம் தேதி காலையில், ஆவுடையின் கட்டிலுக்கு முன்னால் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். முதல் கோடு பொங்கலுக்குள். அடுத்த கோடு சித்திரைக்குள். வாசல்படி ஆடிக்குள். வருஷம் முடிவதற்குள் முருகன் கோயில் மலைப்படி.

"மலைப்படியா?" என்றார் தவமணி.

"குறி பெருசா இருந்தாத்தானேம்மா, பாதியாவது ஓடுவாங்க."

"ம்."

"பொங்கலுக்கு முதல் கோட்டைத் தொட்டுட்டா. நான் கை தட்டினேன். அடுத்த கோட்டுக்குக் கொஞ்சம் பிந்திப் போச்சு. ஆனா வந்துட்டா. ஆடியில..."

நிறுத்தினார்.

"ஆடியில?"

"வாசப்படிகிட்ட விழுந்துட்டா. நெத்தியில தையல். அவ கால் நடுங்குனதை நான் பாத்தேன். பாத்துட்டேதான் 'இன்னும் ஒரு அடி, இன்னும் ஒரு அடி'ன்னு சொன்னேன்."

தவமணியின் கை கீரையில் நின்றது.

"அன்னையில இருந்து எந்திரிக்க மாட்டேங்கா. சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுதா."

"சரி."

"அடுத்த வருஷம் பிறக்கப் போகுது. இந்த வருஷம் நான் வெச்ச குறி பெருசுதான். ஒத்துக்கிடுதேன். வர்ற வருஷத்துக்கு நீங்க ஒண்ணு வெச்சுக் குடுங்க. எட்டுற மாதிரி. வாசப்படி வேண்டாம். முதல் கோடு போதும். மடத்தம்மா சொன்னாங்கன்னு சொன்னா கேப்பா."

தவமணி ஆய்ந்த கீரையை அலசினார். தண்ணீரை வடித்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாத்தியாரய்யா, வர்ற வருஷம் நீங்க நாதஸ்வரம் படிங்க. கார்த்திகைக்கு இந்த மடத்துல வாசிக்கணும்."

குற்றாலிங்கம் சிரித்துவிட்டார்.

"நாதஸ்வரமா?"

"கார்த்திகைக்குள்ள முடியாதோ? சரி, அதுக்கடுத்த தைக்கு வாசிங்க."

"எனக்கு எதுக்கும்மா நாதஸ்வரம்?"

"பெரிய கீர்த்தனை எல்லாம் வேண்டாம். சின்னதா ஒரு பாட்டு போதும்."

"எனக்கு அதுல ஆசையே கிடையாதே!"

தவமணி கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

குற்றாலிங்கத்துக்குக் கோபம் வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினார். பாதி ஓடையில் அவர் கால் நின்றுவிட்டது.

தண்ணீர் முழங்காலை உரசிக்கொண்டு போனது.

திரும்பி வந்தார்.

"அவளுக்கு என்ன ஆசைன்னு கேக்கச் சொல்லுதீங்களா?"

"கேட்டாச் சொல்லுவாங்களா?"

"சொல்ல மாட்டா. எதைக் கேட்டாலும் 'உங்க இஷ்டம்'பா. கல்யாணமான நாள்ல இருந்து அப்படித்தான்."

"அப்போ கேக்காதீங்க."

"பிறகு?"

"சாயங்காலம் பக்கத்துல போய் உக்காருங்க. எதுவும் சொல்லாதீங்க."

"எவ்வளவு நேரம்?"

"உங்களுக்கு எவ்வளவு நேரம் முடியும்?"

"தினமும் ஒரு மணி நேரம் உக்காருதேன்!"

குற்றாலிங்கத்தின் முகத்தில் பழைய தெளிவு வந்திருந்தது. தவமணி அவரைப் பார்த்தார்.

•

மறுநாளே வந்துவிட்டார்.

"முடியல."

"என்ன ஆச்சு?"

"உக்காந்தேன். அவ பாதம் ஒருக்களிச்சுக் கிடந்துது. 'பாதத்தை நேரா வை'ன்னுட்டேன். பிறகு 'விரலை மடக்கு'ன்னேன். சுவத்துப் பக்கம் திரும்பிட்டா."

"அது வரைக்கும் எவ்வளவு நேரம் சும்மா இருந்தீங்க?"

குற்றாலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு தம்ளர் காப்பி குடிக்கிற நேரம் இருக்கும்."

"அப்போ அதை வெச்சுக்கிடுங்க."

"எதை?"

"காப்பி முடியுற வரைக்கும் ஒண்ணும் சொல்லாதீங்க. முடிஞ்சதும் எந்திரிச்சுப் போயிருங்க."

"அவ்வளவுதானா? வர்ற வருஷம் முழுசுக்குமா?"

"இன்னைக்கு."

"வெளிய சொன்னாச் சிரிப்பாங்கம்மா."

"சொல்லாதீங்க."

•

அன்று சாயங்காலம் ஆவுடைக்குக் காப்பியைக் கரண்டியால் ஊட்டிவிட்டு, தன் தம்ளரை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வேகவேகமாகக் குடித்தார். நாக்கு வெந்துபோனது. எழுந்து போனார்.

ஆவுடை சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

பாதம் சாய்ந்துதான் கிடந்தது. வாயில் வார்த்தை வந்தபோதெல்லாம் ஒரு மிடறு குடித்தார்.

ஜனவரி ஒன்றாம் தேதி வந்தது. மகள் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். "இந்த வருஷம் அம்மாவுக்கு என்ன பிளான் அப்பா?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லை" என்றார். அவள் நம்பவில்லை.

போனை வைத்துவிட்டு, ஒரு துணியை நனைத்துப் பிழிந்தார். கட்டிலுக்கு முன்னால் மண்டியிட்டு, மங்கிப்போய்க் கிடந்த சாக்பீஸ் கோடுகளைத் துடைத்தார். வாசல்படிக்குப் பக்கத்தில் இருந்த கோடு சீக்கிரம் போகவில்லை. அங்கே கொஞ்ச நேரம் தேய்த்தார்.

நிமிர்ந்தபோது ஆவுடை இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் துணியை அலசப் போனார்.

அதன் பிறகு காப்பி நேரம் தானாக நீண்டது. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. தம்ளரில் ஆடை படர்ந்தது. ஜன்னல் வழியாக வந்த வெயில் கட்டில் காலைத் தொட்டுவிட்டு மேலே ஏறியது. ஆவுடையின் நெற்றித் தழும்பை அவர் அப்போதுதான் சரியாகப் பார்த்தார். புருவத்தின் ஓரத்தில் முடி முளைக்காமல் போயிருந்தது. அதைத் தொட வேண்டும் போல இருந்தது. தொடவில்லை.

ஒரு நாள் அவள் பேசினாள்.

"ஏங்க."

"ம்?"

சொல்ல வந்தது தொண்டையில் நின்றுவிட்டது. முன்பானால் அவரே ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுத்திருப்பார். தண்ணியா, தலையணையா, மின்விசிறியா என்று. இப்போது தம்ளரில் ஒரு மிடறு பாக்கி இருந்தது. காத்திருந்தார்.

"குளிக்கிற... கதவு."

"ஆமா."

"உள்ள இருந்து... நான்... தாழ் போடணும்."

அவருக்குப் புரியவில்லை.

"எதுக்கு? நான்தானே கூட இருக்கேன்?"

"அதுக்குத்தான்."

குற்றாலிங்கம் தம்ளரைக் கீழே வைத்தார்.

தினமும் காலையில் அவளைத் தூக்கிக்கொண்டுபோய்க் குளிப்பாட்டுவது அவர்தான். குளியலறைக் கதவைத் திறந்தே போட்டிருப்பார். அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். காய்கறிக்காரர் வாசலில் நின்று கூப்பிட்டால், ஆவுடையின் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "கத்தரிக்காய் அரைக் கிலோ போடு" என்று குரல் கொடுப்பார். அந்த நேரமெல்லாம் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையால் தன்னை மூடிக்கொண்டு, கண்ணை மூடியிருப்பாள். சோப்பு நுரைக்குப் பயந்து மூடுகிறாள் என்றுதான் நினைத்திருந்தார்.

•

"சொல்லிட்டா" என்றார் தவமணியிடம்.

"என்ன கேட்டாங்க?"

"குளியலறைக்குள்ள தாழ் கேக்கா. வேற எதைக் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன்."

"இதை ஏன் முடியாது?"

"அவளுக்குப் பக்கவாதம் வந்தது குளியலறையில வெச்சுதான். உள்ள தாழ் போட்டிருந்தா. விழுந்த சத்தம் கேட்டுது. கூப்பிட்டேன், பதில் இல்ல. தோளால இடிச்சேன். பக்கத்து வீட்டுக்காரரு கடப்பாரை கொண்டு வந்தாரு. கதவு உடையுறதுக்குள்ள... எவ்வளவு நேரம்னு தெரியலம்மா. அந்த நேரம் முடியவே இல்ல. பிறகு கதவை ஒட்டுப்பலகை வெச்சு அடிச்சு மாட்டினோம். தாழ்ப்பாளை நான் மாட்டவே இல்ல."

"அவங்க கேட்டது சின்னதா, பெருசா?"

"கேக்கதுக்குச் சின்னது."

"உங்களுக்கு?"

"மலைப்படி."

தவமணி அடுப்படியிலிருந்து கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பேரும் குடித்தார்கள்.

•

குற்றாலிங்கம் தச்சரை அழைத்துவந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இடது கைக்கு எட்டுகிற உயரத்தில் தாழ்ப்பாள் வைக்கச் சொன்னார். சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. தரையில் வழுக்காத ரப்பர் விரிப்பு.

தச்சர் கிளம்பும்போது வாசலில் வைத்து அவர் காதோடு குற்றாலிங்கம் ஏதோ சொன்னார். தச்சர் யோசித்துவிட்டுத் திரும்பி உள்ளே போய், தாழ்ப்பாளில் இருந்த திருகாணிகளைக் கழற்றிவிட்டுக் குட்டையானவற்றைப் போட்டார். வெளியிலிருந்து ஓங்கித் தள்ளினால் பெயர்ந்து வந்துவிடும்.

மறுநாள் காலையில் ஆவுடை எழுந்தாள். யாரும் சொல்லவில்லை. இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குற்றாலிங்கம் தன் தோளைக் கொடுத்தார். வலது காலை இழுத்து இழுத்து, அடுப்படியைத் தாண்டி, குளியலறை வரைக்கும் வந்தாள். முதல் கோடும் இரண்டாவது கோடும் சேர்ந்தால்கூட அவ்வளவு தூரம் வராது. அது அவருக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கினாள். புதுத் தாழ்ப்பாளைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை அவர் பார்த்தார்.

கையை நீட்டித் தாழ்ப்பாளைத் தொட்டாள். இழுத்தாள். அது லேசாக ஆடியது.

மறுபடி ஆட்டிப் பார்த்தாள்.

பிறகு அவரைப் பார்த்தாள்.

அன்றைக்கு அவள் குளிக்கவில்லை. கட்டிலுக்குத் திரும்பி, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். சாயங்காலம் அவர் தம்ளரோடு வந்து உட்கார்ந்தார். திரும்பவில்லை. காப்பி ஆறியது. அதை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினார்.

•

"கெடுத்துட்டேன்" என்றார். மடத்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

நடந்ததைச் சொன்னார். "பயம்தாம்மா. வேற ஒண்ணும் இல்ல. அவளை ஏமாத்தணும்னு நினைக்கல."

தவமணி எழுந்தார். தன் அறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

ஏதாவது எடுத்துவரப் போயிருக்கிறார் என்று நினைத்தார் குற்றாலிங்கம். நின்றார்.

வரவில்லை.

"அம்மா?"

பதில் இல்லை.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அந்த அறைக்குள் போன மழையில் பாம்பு வந்ததாக யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. கதவுக்குப் பக்கத்தில் போனார். பலகை இடுக்கில் கண்ணை வைத்தவர், சட்டென்று எடுத்துக்கொண்டார். கூசியது.

"அம்மா, இருக்கீங்களா?"

ஓடை ஓடிக்கொண்டிருந்தது. கொய்யா மரத்தில் கிளிகள் வந்து இறங்கின. தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். கை அந்தரத்தில் நின்றது. இறக்கினார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தூக்கினார். அதையும் இறக்கினார். கதவின் அந்தப் பக்கம் இருந்தது அவருக்குத் தவமணியாகத் தோன்றவில்லை.

சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். முதல் முறையாக அவர் முதுகு வளைந்தது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

கிளிகள் போய்விட்டன. அழுகையும் தீர்ந்தது. அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

கதவு திறந்தது. தவமணியின் கன்னத்தில் பாய்க்கோடு பதிந்திருந்தது.

"கொஞ்சம் கண் அசந்துட்டேன் வாத்தியாரய்யா. நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல."

"தட்டினீங்களா?"

"கையைத் தூக்கினேன். தட்டல."

"கஷ்டமா இருந்துதா?"

"இது மாதிரி எதுவும் நான் செஞ்சதில்லம்மா."

தவமணி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அப்போ உங்களுக்கு இந்த வருஷத்துக்கு இது போதும்."

•

வீட்டுக்குப் போகிற வழியில் கடையில் நீளத் திருகாணி வாங்கினார்.

ஆவுடையை எழுப்பி, தலையணை கொடுத்துச் சாய்த்து உட்காரவைத்தார். குளியலறைக் கதவு அவள் கண்ணில் படும்படி கட்டிலை இழுத்துப் போட்டார். தானே திருப்புளியை எடுத்துக் குட்டைத் திருகாணிகளைக் கழற்றினார். அவற்றைக் கொண்டுவந்து அவள் இடது உள்ளங்கையில் வைத்தார்.

"நான்தான் போடச் சொன்னேன்" என்றார்.

அவள் கையைப் பார்த்தாள்.

"பயந்துட்டேன் ஆவுடை."

"தெரியும்" என்றாள்.

நீளத் திருகாணிகளைப் போட்டு முறுக்கினார். மரம் பழையது. கை வலித்தது. முடிந்ததும் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. அவளைப் பார்த்தார்.

ஆவுடை பேசத் தொடங்கினாள். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. அவர் குறுக்கே பேசவில்லை.

"நான் கூப்பிட்டா... உடைச்சுக்கிட்டு வாங்க."

"சரி."

"கூப்பிடலன்னா... வராதீங்க."

திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "சரி" என்றார்.

"அப்போ நாளைக்கே..." என்று ஆரம்பித்தவர், நிறுத்திக்கொண்டார்.

ஆவுடை சிரித்தாள். வாய் ஒரு பக்கமாகத்தான் போனது. அவள் சிரித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"நாளைக்கு இல்ல" என்றாள். "முதல்ல... கதவைச் சாத்தினாப் போதும்."

•

முதலில் கதவு பாதி சாத்தியிருந்தது. அவர் உள்ளே நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். காய்கறிக்காரருக்கு அந்த நேரத்தில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பால் ஒரு நாள் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று விட்டார்.

பிறகு அவள் இடது கையால் தானே சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளப் பழகினாள். பாதித் தண்ணீர் தரையில் போனது. முதுகுக்கு மட்டும் அவரைக் கூப்பிட்டாள். அதன் பிறகு அதற்கும் கூப்பிடவில்லை. முதுகு தேய்க்க, நீளக் கைப்பிடி வைத்த பீர்க்கங்காய் நார் ஒன்றை மகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நடுவில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாள். சேர்த்ததெல்லாம் போனது. எழுந்தபோது மறுபடியும் பாதிக் கதவிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. குற்றாலிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. "நமக்கு என்ன அவசரம்?" என்றாள். அந்த வாக்கியம் நிற்காமல் ஒரே மூச்சில் வந்ததை இரண்டு பேரும் கவனித்தார்கள்.

பங்குனி வெயில் ஏறிய பிறகு கதவு முழுதாகச் சாத்தப்பட்டது. தாழ் இல்லாமல். அவர் வெளியே.

ஒரு நாள் மடத்துக்குப் போய்ச் சொன்னார்.

"கட்டில்ல இருந்து குளியலறைக்குப் பிடிக்காம நடக்கா அம்மா. போன வருஷம் நான் போட்ட ரெண்டாவது கோட்டை எப்பவோ தாண்டிட்டா."

"அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"சொன்னா அது என் கோடா ஆயிரும்."

தவமணி அன்றைக்கு ஆய வேண்டிய கீரையில் பாதியை அவர் பக்கம் தள்ளினார்.

•

சித்திரை பிறந்து சில நாள் ஆகியிருந்தது. காலை நேரம். ஆவுடை மாற்றுச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, மெதுவாக நடந்து குளியலறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள்.

குற்றாலிங்கம் வழக்கம்போல வெளியே நின்றார்.

உள்ளே இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி உரசியது. ஒரு முனகல். பிறகு 'டக்' என்று தாழ்ப்பாள் விழுந்தது.

அவர் கதவுக்கு ஒரு அடி கிட்டே வந்தார்.

தண்ணீர் மொள்ளும் சத்தம். ஊற்றும் சத்தம். மறுபடி மொள்ளும் சத்தம். அவர் மூச்சை விடாமல் ஒவ்வொன்றையும் கேட்டார்.

பெரிய சத்தத்தோடு ஏதோ விழுந்து உருண்டது.

குற்றாலிங்கத்தின் இரண்டு கையும் கதவில் இருந்தன. தோளைக் கொடுத்துவிட்டார். அவர் வாய் திறந்திருந்தது.

உள்ளே அமைதி.

அவள் கூப்பிடவில்லை.

ஒரு கையை எடுத்தார். இன்னொரு கையை எடுக்க முடியவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

நின்றார்.

உருண்ட சொம்பைத் தரையோடு இழுக்கிற சத்தம் கேட்டது. அது வாளியில் இறங்கியது. தண்ணீர் விழுந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏங்க" என்றது உள்ளிருந்து ஆவுடையின் குரல்.

"என்ன ஆவுடை?"

"அங்கனயேவா நிக்கிய?"

"ஆமா."

சொம்பைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"தள்ளிப் போங்க" என்றாள். "எனக்கு வெக்கமா இருக்கு."